கட்டுவதைப் பார்ப்பதா, கட்டி முடித்ததைப் பார்ப்பதா? (லேண்ட்ஸ்கேப் டிசைன் கற்பவருக்கு உதவவும்)

கிளைநிழல்:

அனைவருக்கும் வணக்கம். லேண்ட்ஸ்கேப் டிசைன் அலுவலகம் ஒன்றில் ஜூனியராக இருக்கிறேன். பொழுது விடிந்தால் பிளான், செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்), டீடெயில். பொழுது சாய்ந்தால் அதே ஃபைலில் திருத்தம். நான் கோடு போட்ட வேலைகளில் ஒன்று இப்போது சைட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி அடிக்கடி போய்வர அனுமதி வாங்கிவிட்டேன்.

போனால் எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. மண் குவியல், குழாய், ஜல்லி, ஆளுக்கொரு பக்கம் வேலை. கண்ணில் பட்டதையெல்லாம் போனில் படம் எடுத்து வந்தேன். பிறகு உட்கார்ந்து புரட்டினால் எந்தப் படம் எந்த இடம் என்றே பிடிபடவில்லை.

அலுவலகத்தில் ஒரு மூத்தவர், "அரைகுறையாய்க் கிடப்பதைப் பார்த்து என்ன தெரியப்போகிறது? முடிந்த தோட்டங்களைப் போய்ப் பார்" என்கிறார். இன்னொருவர், "டிராயிங்கை ஒழுங்காகப் படி, சைட் தானாகப் புரியும்" என்கிறார். இங்கே சைட்டிலேயே காலம் தள்ளியவர்கள் இருக்கிறீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

---

வாட்டம்பார்த்தவன்:

முடிந்ததைப் பார்த்தால் ரசிக்கலாம். தொழில் கற்க வேண்டுமானால் மூடுவதற்கு முந்தின நாள் போகணும் தம்பி. பதில் அவ்வளவுதான், இனி வருவது விளக்கம்.

பேவர் கல் பாவிய நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் நாலு பட்டை: கெட்டித்த மண், ஜல்லிப் படுகை, 25 முதல் 40 மி.மீ. மணல், மேலே கல். பட்டைக்கொரு ஹேட்ச் (நிரப்புக் கோடு) போட்டு முடித்துவிடுவீர்கள். சைட்டில் அந்த ஜல்லியை மொத்தமாகக் கொட்டி ரோலர் விட்டால் மேல்பாகம் மட்டும்தான் இறுகும். 150 மி.மீ. போல அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து இறுக்கணும். ஜல்லி மட்டம் ஏறி இறங்கி இருந்தால் அவசரக்காரர் என்ன செய்வார்? பள்ளத்தில் மணலைத் தள்ளி நிரவிவிடுவார். கல் பாவிய அன்று ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மழைக்காலம் போனதும் மணல் 30 மி.மீ. இருந்த இடம் அப்படியே நிற்கும், 80 இருந்த இடம் உள்வாங்கிவிடும். தண்ணீர் தேங்குவதை முடிந்த தோட்டத்தில் பார்க்கலாம். ஏன் தேங்குகிறது என்பதை மூடுவதற்கு முன்னால் போனவர்தான் பார்த்திருப்பார்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடத் தரும் சரிவு. தளத்துக்கு 50க்கு 1 என்று ஒரு அம்பு போட்டிருப்பீர்கள். தளம் 10 மீட்டர் என்றால் அது 20 செ.மீ. இறக்கம். ஒரு படி உயரத்தைவிட அதிகம்! அந்த 20 செ.மீ. எந்தப் பக்கம் போய் முடிகிறது? வாசல் ஓரத்திலா, புல்தரை விளிம்பிலா, பழைய மரத்தடியிலா? பேப்பரில் அம்பு யாரோடும் சண்டை போடாது. சைட்டில் நூல் கட்டியதும் ஒரு மூலையில் மரத்தின் அடிப்பாகத்தை மண் மூடப் பார்க்கும், இன்னொரு மூலையில் சேம்பர் (வடிகால் தொட்டி) மூடி துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் நூல் கட்டும் நாளில் அங்கே இருங்கள். டியூப் லெவலுக்கு (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) ஆள் தேவைப்பட்டால் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது என்பதெல்லாம் கையில் பிடித்தால்தான் மனசில் நிற்கும். லேசர் லெவல் இருந்தாலும் ஒருமுறை டியூபில் பாருங்கள். மட்டம் என்றால் என்ன என்று அப்போதுதான் உறைக்கும்.

---

மூன்றாம்கோடு:

வாட்டம்பார்த்தவன் அண்ணா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு எதிர்ப்பு.

வெறுங்கையோடு சைட்டுக்குப் போகிறவருக்கு சைட் ஒன்றும் சொல்லித்தராது. வருஷக்கணக்கில் சைட்டிலேயே கிடந்தும் ஒரு செக்‌ஷனைப் படிக்கத் தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். போவதற்கு முன்னால் அந்தப் பகுதியின் பிளானையும் செக்‌ஷனையும் பிரிண்ட் எடுங்கள். டேப்லெட் வேண்டாம், வெயிலில் ஒன்றும் தெரியாது. பிறகு, "இங்கே நின்றால் எனக்கு இது தெரியும், இது மறையும், இந்த இடம் அகலமாகத் தோன்றும்" என்று நாலு வரி ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போய் நின்று பார்த்து, சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். அந்தச் சிவப்புதான் பாடம். முன்கூட்டி ஊகம் எழுதாவிட்டால் அங்கே எதைப் பார்த்தாலும் "ஆமாம், இப்படித்தான் நினைத்தேன்" என்று மனசு சமாதானம் சொல்லிவிடும்.

நாம் வரைவது பருந்துப் பார்வை; நடப்பவர் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1.2 மீட்டர் வேலிச்செடி பிளானில் ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவே. சைட்டில் நின்றால் அதைத் தாண்டிப் பார்க்கலாம், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால் அது சுவர். குச்சி நட்டு, அந்த உயரத்தில் ஒரு துணியைக் கட்டி, நின்றும் உட்கார்ந்தும் பாருங்கள். இதை எந்த 3டி மாடலும் இவ்வளவு சீக்கிரம் புரியவைக்காது.

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பண்ணைத் தோட்டங்களில் 'ஹா-ஹா' என்று ஒரு அமைப்பு உண்டு. ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு, எல்லாம் தரைமட்டத்துக்குக் கீழே. மாடு ஆடு தோட்டத்துக்குள் ஏற முடியாது. மாளிகையிலிருந்து பார்ப்பவருக்கோ புல்வெளி தடங்கலின்றிப் போய்க்கொண்டே இருக்கும். பிளானில் அது வெறும் இரண்டு கோடு. செக்‌ஷன் வரைந்தால் பாதி புரியும். மேட்டுப் பக்கம் நின்று பிறகு பள்ளத்துப் பக்கம் நின்றவருக்கு முழுசாகப் புரியும்.

---

கிளைநிழல்:

இருவருக்கும் நன்றி. மூன்றாம்கோடு மேடம் சொன்னபடி செய்தேன். எழுதிய ஊகத்தில் பாதிக்கு மேல் சிவப்பு. குறிப்பாக, சந்திப்பில் இருக்கும் சிறு திடல். கணினியில் தாராளமாக இருந்தது, சுண்ணாம்புத்தூளில் கோடு போட்டுப் பார்த்தால் குறுகிக் கிடக்கிறது. அளந்தேன், அளவு சரியாகத்தான் இருக்கிறது!

இன்னொன்று, படிகள். 150 மி.மீ. உயரம், 300 மி.மீ. மிதியகலம் (கால் வைக்கும் அகலம்). கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ஏறினால் என்னவோ அவசரப்படுத்துகிறமாதிரி இருக்கிறது. மேலேயும் கீழேயும் உள்ள படிகளுக்கு மேஸ்திரி வேறு அளவு வைத்திருக்கிறார். கேட்டால், "கல்லு போட்டா சரியாயிடும்" என்றார். புரியவில்லை.

---

கல்லடுக்கு:

மேஸ்திரி சொன்னது சரி. அந்த ஆளை விட்டுவிடாதீர்கள், விவரமானவர்.

கணக்கைப் பாருங்கள். கான்கிரீட்டில் எல்லாப் படியும் 150 என்று சமமாக வார்த்தாச்சு என்று வையுங்கள். படிமேல் கல்லும் சாந்தும் சேர்ந்து 50 மி.மீ. ஏறும். கீழ்த்தளமும் மேல்தளமும் மணலில் பாவும் பேவர். மணலும் கல்லும் சேர்ந்து 110 ஏறும். இப்போது முதல் படி எவ்வளவு? 150ஓடு 50ஐக் கூட்டி 110ஐக் கழித்தால் 90. கடைசிப் படி 150ஓடு 110ஐக் கூட்டி 50ஐக் கழித்தால் 210. நடுவில் எல்லாம் 150. ஏறுகிறவர் கால் நடுப்படிகளுக்குப் பழகி, கடைசியில் தடுக்கும். விவரமான மேஸ்திரி வார்க்கும்போதே முதல் படியை 210 ஆகவும் கடைசிப் படியை 90 ஆகவும் வைப்பார். கல் ஏறியதும் எல்லாம் 150. உங்கள் டிராயிங்கில் எழுதிய மட்டம் கான்கிரீட் மட்டமா, முடித்த மட்டமா? அதைக் குறிக்காமல் விட்டால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள்.

அவசரப்படுத்துகிறது என்றீர்களே, அதற்கும் கணக்கு உண்டு. இரண்டு மடங்கு உயரம் கூட்டல் மிதியகலம், 600 முதல் 650 மி.மீ.க்குள் வரணும். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் பெயரில் வழங்கும் சூத்திரம் அது, மனுஷனின் காலடி நீளத்தை வைத்து வந்தது. உங்களுடையது 600, அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குள் போதும். வெளியில் வீசி நடந்து வருகிறவருக்கு 130க்கு 380 போல வைத்துப் பாருங்கள். 640 வரும், நடை மாறாது. ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கமாக 100க்கு 1 ஆவது வாட்டம் இருக்கணும், இல்லாவிட்டால் தண்ணீர் நின்று பாசி பிடிக்கும். ஏற்கெனவே வார்த்தாச்சு என்றால் கல் பாவும்போதாவது அதைச் சொல்லி வாங்குங்கள்.

சைட்டில் பேசுவது பற்றியும் ஒன்று. கான்கிரீட் கொட்டுகிற நேரத்தில் போய்க் கேள்வி கேட்காதீர்கள், யாருக்கும் காது இருக்காது. காலையில் நூல் கட்டும்போது கேளுங்கள், அல்லது சாயங்காலம் கரணை கழுவும்போது. "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்றால் குற்றம் சாட்டுகிறமாதிரி விழும். "டிராயிங்கில் வேறமாதிரி இருக்கே, இது எதுக்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள், நீங்கள் போதும் என்கிறவரைக்கும் சொல்வார்.

---

மூன்றாம்கோடு:

அந்தத் திடல் விஷயம்: வெளியில் சுவரும் கூரையும் இல்லை, வானமும் பெரிய மரங்களும் கட்டடத்தின் முழு உயரமும்தான் பக்கத்தில். அதனால் அறைக்குள் தாராளமாக இருக்கும் அளவு வெளியில் சுருங்கித் தெரியும். சுற்றிலும் செடி உயர்ந்தால் இன்னும் சுருங்கும், பரப்புக்கு மேல் கவியும் மரம் வந்தால் நேர்மாறாக அந்த அளவே போதும் என்றாகலாம். உடனே பெரிதாக்கச் சொல்லிவிடாதீர்கள். நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, இரண்டு பேரை எதிரெதிரே நடக்கவிட்டுப் பாருங்கள். 1.2 மீட்டர் பாதையில் இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும், 1.5 என்றால் பேசிக்கொண்டே போகலாம். 1:200 பிளானில் இந்த வித்தியாசம் ஒன்றரை மி.மீ.

---

பதியன்:

எல்லாரும் கல்லையும் கான்கிரீட்டையுமே பேசுகிறீர்கள். செடி பக்கம் நான் பேசுகிறேன்.

கட்டும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம், வண்டி எந்த வழியாக ஓடுகிறது என்பது. டிராயிங்கில் 'நடவுப் பகுதி' என்று பச்சை அடித்த இடத்தில்தான் ஜல்லிக் குவியலும் கலவை மெஷினும் நிற்கும். மாதக்கணக்கில் டிப்பர் ஏறி இறங்கிய களிமண் செங்கல்லாக இறுகிக் கிடக்கும். கடைசி வாரம் அதன்மேல் ஒரு சாண் செம்மண் பரப்பி, செடி வைத்து, படம் எடுத்து ஒப்படைத்துவிடுவார்கள். பாதைக்கு இறுக்கம் வேண்டும், வேருக்கு இறுக்கம் எமன். ஒரே சைட்டில் இரண்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எங்கே வேலி போட்டு வண்டியைத் தடுத்தார்கள் என்று பாருங்கள். பழைய மரம் இருந்தால் அதன் கிளைவிரிவின் விளிம்பு வரைக்குமாவது தடுப்பு இருக்கணும். வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில், அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் கிடக்கிறது, விரிவதோ கிளையைத் தாண்டியும் விரியும். தண்டுக்குப் பக்கத்தில் மட்டும் நாலு செங்கல் அடுக்கி 'மரப் பாதுகாப்பு' என்று எழுதி வைப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

நடவுக் குழி தோண்டியதும் தண்ணீர் நிரப்பிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அங்கே எந்த உசத்தி மரம் வைத்தாலும் வேர் அழுகும். குழி அகலம் வேர்ப்பந்தைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம், ஆழம் மட்டும் பந்தின் உயரத்தைத் தாண்டக்கூடாது. தண்டு அகன்று வேராகப் பிரிகிற இடம் வெளியே தெரியணும். மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. போதும், அதுவும் தண்டைத் தொடாமல். இதில் ஒன்றைக்கூட முடிந்த தோட்டத்தில் பார்க்க முடியாது.

ஆனால் உங்கள் மூத்தவரை முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். நடவு முடிந்த அன்று எல்லாத் தோட்டமும் பொய்தான் சொல்லும். அதே தோட்டத்துக்கு மூன்றாம் வருஷம் போனால் எது எதை விழுங்கியது, எந்தப் புதர் பாதையை மறித்தது என்று தெரியும். ஊர் ஊராய்ப் புதுத் தோட்டம் பார்ப்பதைவிட, கட்டும்போது பார்த்த ஒன்றையே திரும்பத் திரும்பப் பாருங்கள்.

---

சுண்ணாம்புக்கோடு:

பதியன் சொன்னதோடு ஒன்று: மழை பெய்கிறபோதே போங்கள், குடை எடுத்துக்கொண்டு. மழை விட்டபிறகு ஈரம்தான் தெரியும், தண்ணீர் ஓடுகிற பாதை தெரியாது. தண்ணீர் எந்தக் கர்ப் ஓரத்தில் வேகமெடுக்கிறது, எந்த கிரேட்டிங்கைத் தாண்டிக் குதிக்கிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு போகிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ரிட்டெய்னிங் சுவர் (மண்ணைத் தாங்கும் சுவர்) இருந்தால் வீப் ஹோலில் (தண்ணீர் வடியும் துளை) தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். சுவருக்குப் பின்னால் ஜல்லியும் வடிதுணியும் (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும் துணி) ஒழுங்காகப் போடாவிட்டால் துளை இருந்தும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கன மீட்டருக்கு ஒரு டன். பின்னால் தேங்கினால் அந்தப் பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும்.

---

கிளைநிழல்:

இன்னொரு குழப்பம். பிளானில் நான் போட்ட ஒரு பாதை வளைவை சைட்டில் மாற்றிவிட்டார்கள். ஹோஸ் பைப்பைத் தரையில் போட்டு, நகர்த்தி நகர்த்தி, "இதுதான் நல்லாருக்கு" என்று சைட் இன்ஜினியர் முடிவு செய்துவிட்டார். உண்மையைச் சொன்னால், நான் போட்டதைவிட அது நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் வளைவையெல்லாம் சைட்டிலேயே முடிவு செய்துவிடலாமே? டிராயிங் எதற்கு?

---

வாட்டம்பார்த்தவன்:

அதைத்தான் நானும் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் லுணுகங்கா தோட்டத்தைப் பாருங்கள். 1948இல் ஒரு ரப்பர்த் தோட்டத்தை வாங்கியவர், ஏறக்குறைய ஐம்பது வருஷம் அங்கேயே நின்று வெட்டி, நட்டு, மாற்றி, குன்றின் முடியைத் தாழ்த்தி அப்பாலுள்ள நீர்ப்பரப்பைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். சண்டிகர் பாறைத் தோட்டம் இன்னொன்று. நேக் சந்த் எந்த டிராயிங்கை வைத்துக் கட்டினார்? உடைந்த ஓடும் கழிவுக் கல்லும் கையுமாகக் கட்டியதை 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

---

மூன்றாம்கோடு:

அண்ணா, இரண்டுமே அழகான உதாரணம், இரண்டுமே இந்தத் தம்பிக்குப் பொருந்தாத உதாரணம். பாவாவுக்கு நிலமும் அவருடையது, பணமும் அவருடையது, அவசரமும் இல்லை. நேக் சந்த் அரசாங்கத்துக்குத் தெரியாமல் காட்டுக்குள் தன் பாட்டுக்குக் கட்டியவர். ஒப்பந்தம், கால அளவு, மூன்று குழாய்க்காரர்கள், ஒரு மின்காரர் என்று ஓடுகிற சைட்டில் வளைவை அரை மீட்டர் நகர்த்தினால் அடியில் போன ஸ்லீவ் பைப்பும் (பின்னால் வயர் இழுக்க விடும் குழாய்) நகரணும். நகர்த்தினார்களா என்று கேளுங்கள் கிளைநிழல். பாதைக்கு அடியில் முன்கூட்டியே குழாய் விடாமல் கல் பாவிவிட்டால், பிறகு ஒரு விளக்குக்கு வயர் இழுக்கப் பாதையையே தோண்ட வேண்டியதுதான்.

எதை சைட்டில் முடிவு செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பிரிக்கப் பழகுங்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை எடுங்கள். ஊரின் குறுக்குப் போக்குவரத்துக்கு நாலு சாலை பூங்காவைக் கடந்தே ஆகணும் என்று நிபந்தனை. ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் 1858இல் போட்டியில் தேர்வான தங்கள் திட்டத்தில் அந்த நாலையும் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலே புல்வெளியையும் பாதைகளையும் தொடரவிட்டார்கள். ஹோஸ் பைப்பை நகர்த்தி எடுக்கக்கூடிய முடிவா அது? பேப்பரில், செக்‌ஷனில் எடுத்த முடிவு. ஆனால் உங்கள் கட்சிக்கும் ஒன்று தருகிறேன் அண்ணா: ஓம்ஸ்டெட் 1857இலேயே அந்தப் பூங்கா வேலைக்கு சூப்பரின்டெண்டென்டாகச் சேர்ந்து, நிலத்தை நடந்து பார்த்துக்கொண்டிருந்தவர். பாறை எங்கே, சேறு எங்கே என்று தெரிந்துகொண்டுதான் போட்டிக்கு வரைய உட்கார்ந்தார்.

---

வாட்டம்பார்த்தவன்:

ஓம்ஸ்டெட் விஷயத்துக்காகவே உங்களை மன்னித்தேன் அம்மா. மட்டம், வடிகால், குழாய், சுவர் இதெல்லாம் பேப்பரில் முடியணும், ஒத்துக்கொள்கிறேன். வளைவின் கடைசி அரை மீட்டர், கல் திரும்பும் திசை, மரத்தின் எந்த முகம் பாதையைப் பார்க்கணும் இதெல்லாம் சைட்டுக்கு. ஆனால் மாற்றியதை உடனே டிராயிங்கில் குறிக்கணும். அஸ்-பில்ட் டிராயிங் (கட்டி முடித்தபடியே அளந்து வரைவது) என்று ஒன்று இருப்பதே பல அலுவலகங்களில் மறந்துபோச்சு. கிளைநிழல், அந்த வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள், மாறின ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் கேட்க உங்களுக்கு ஒரு சாக்கு கிடைக்கும்.

---

கல்லடுக்கு:

இடையில் ஒரு எச்சரிக்கை, கற்கிற ஆர்வத்தில் மறந்துவிடாதீர்கள். மார்பளவுக்கு மேல் ஆழமான, பக்கத்தடுப்பு இல்லாத பள்ளத்தில் படம் எடுக்க இறங்க வேண்டாம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். சரிந்தால் கத்தக்கூட நேரம் இருக்காது. ஷூவும் ஹெல்மெட்டும் இல்லாமல் வந்தால் நான் என் சைட்டுக்குள் விடமாட்டேன், டிசைனராக இருந்தாலும் சரி.

---

சுண்ணாம்புக்கோடு:

படம் எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில், ஒவ்வொரு முறையும். அளவுக்கோலோ டேப்போ படத்துக்குள் இருக்கட்டும். நின்ற இடத்தைப் பிளானில் எண் போட்டு வட்டமிடுங்கள். அழகான கோணம் தேடினால் கதை போச்சு.

---

கிளைநிழல்:

அஸ்-பில்ட் வேலையைக் கேட்டேன், தலையில் கட்டிவிட்டார்கள்! ஸ்லீவ் பைப் பற்றியும் கேட்டேன் மேடம். வளைவுதான் நகர்ந்திருக்கிறது, பைப் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஒரு முனை இப்போது செடிப்பாத்திக்குள் இல்லை, கல்லுக்கு அடியில் முடிகிறது. ஜல்லி இன்னும் போடவில்லை. சைட் இன்ஜினியர், "பிறகு பார்த்துக்கலாம்" என்கிறார்.

---

மூன்றாம்கோடு:

பிறகு பார்க்க அங்கே ஒன்றும் தெரியாது. பைப்பின் இரண்டு முனையையும் அளந்து, பழைய கோடும் புதிய கோடும் ஒரே தாளில் வருகிறமாதிரி ஒரு ஸ்கெட்ச் போட்டு, உங்கள் மூத்தவர் வழியாக எழுத்தில் அனுப்புங்கள். பைப்பை நீட்டும் வேலைதான், ஜல்லி விழுவதற்கு முன் என்றால் ஒரு ஆள் அரைநாளில் முடித்துவிடுவார். முனையை மண் புகாமல் மூடச் சொல்லுங்கள்.

---

வாட்டம்பார்த்தவன்:

நீட்டும்போது பக்கத்தில் இருங்கள். முனை இருக்கும் இடத்துக்கு நேரே கர்ப் கல்லில் ஒரு கீறல் போடச் சொல்லுங்கள், அஸ்-பில்டிலும் அதே இடத்தைக் குறியுங்கள். ஜல்லி என்றைக்குப் போடுகிறார்கள் என்று இன்றே கேட்டு வையுங்கள்.